பாரிசில் வேலைக்குச் சேரும் பாண்டிப் பிள்ளைகளுக்கு: காதில் விழும் பேச்சுக்கு என்ன பொருள்?

முத்தியால்பேட்டையிலிருந்து வந்து பத்து நாள் ஆன ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, அலியான்ஸ்ல ரெண்டு வருஷம் பிரெஞ்சு படிச்சேன். கிச்சன்ல பேசுறது ஒண்ணுமே பிடிபடலை." பிடிபடாதுதான். புத்தகத்துப் பிரெஞ்சு வேறு, பாத்திரச் சத்தத்துக்கு நடுவே கத்துகிற பிரெஞ்சு வேறு. சொல்லுக்குச் சொல் பொருள் பார்த்தால் பயமும் மனக்கஷ்டமும்தான் மிஞ்சும்.

நம் ஆட்கள் பலர் தொடங்குவது 'ப்ளோன்ஜ்'. அகராதிப்படி முங்குவது; உணவகத்தில் பாத்திரம் கழுவுமிடம். நானும் அங்கேதான் தொடங்கினேன். முதல் சனிக்கிழமை மாலை செஃப் தோளைத் தட்டி, "எட்டு மணிக்குக் 'கூ த ஃபே', தயாரா இரு" என்றார். நேர்ப்பொருள் துப்பாக்கி வேட்டு. திகைத்து நின்றேன். வில்லியனூர் அண்ணன் ஒருவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "கூட்டம் மொய்க்கிற நேரம்பா, கல்யாணத்துல முதல் பந்தி மாதிரி" என்றார். எட்டரைக்குத் தட்டுகள் என் கழுத்து உயரத்துக்கு அடுக்கி நின்றபோது முழுசாகப் புரிந்தது.

'ஷோ தெரியேர்!' என்று யாராவது கத்தினால் அப்படியே நில்லுங்கள், திரும்பாதீர்கள். கொதிக்கும் சட்டியோடு ஒருவர் உங்கள் முதுகுக்குப் பின்னால் போகிறார். நீங்களும் கத்தப் பழகுங்கள். கூச்சப்பட்டால் யார் கையாவது வெந்துபோகும்.

'பா மால்' என்றால் மோசமில்லை. நான் செய்த சாஸை ருசித்துவிட்டு செஃப் இதைச் சொன்ன இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அது நல்ல பாராட்டு என்று தெரிய மூன்று மாதம் ஆனது. 'போன் கூராஜ்' என்பதும் அப்படித்தான். நம்மைப் பார்த்துப் பரிதாபப்பட்டுத் தைரியம் சொல்வதில்லை. மீதி வேலை நல்லபடியாக முடியட்டும் என்று வாழ்த்துகிறார்கள். 'மெர்சி' சொன்னால் போதும்.

அலுவலகத்தில் 'பலகைமேல் ரொட்டி இருக்கிறது' என்றால் தலைக்குமேல் வேலை கிடக்கிறது. 'கையை மாவில் வை' என்றால் நீயும் வந்து ஒரு கை கொடு. அப்புறம் 'ஃபேர் ல போன்': போன் செய்வது இல்லை, பாலம் போடுவது. அதாவது, இரண்டு லீவுக்கு நடுவே மாட்டிய வேலை நாளுக்கும் லீவு போடுவது. இயேசுவின் விண்ணேற்ற விழா அங்கே விடுமுறை, எப்போதும் வியாழக்கிழமைதான் வரும். வெள்ளிக்கும் லீவு போட்டால் சனி ஞாயிறோடு சேர்ந்து நாலு நாள்.

'ரெமெர்சியே' என்ற சொல்லில் மட்டும் ரொம்பக் கவனம். என்னோடு பாத்திரம் கழுவிய பையனுக்கு 'நன்றி சொல்லிட்டாங்க' என்று பேசிக்கொண்டார்கள். நல்ல பேர் வாங்கிவிட்டான் என்று சந்தோஷப்பட்டேன். மறுநாள் அவன் ஏப்ரன் மட்டும் கொக்கியில் தொங்கியது. வேலையை விட்டு அனுப்பியதை நாசூக்காகச் சொல்லும் சொல் அது. நிரந்தர ஒப்பந்தத்தில் சாதாரண ஊழியருக்குப் பொதுவாக 2 மாதம் சோதனைக் காலம். அதற்குள் முதலாளி நிறுத்தினால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் முதல் 8 நாளுக்குள் என்றால் 24 மணி நேரம், ஒரு மாதம்வரை 48 மணி நேரம், அதற்கு மேல் 2 வாரம் முன்னதாகச் சொல்லியாக வேண்டும். இந்தக் கணக்கை மனப்பாடமாக வைத்திருங்கள்.

'ஓ நுவார்', அதாவது 'கறுப்பில்', என்று யாராவது வேலைக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள். பதிவு இல்லாமல் கையில் காசு கொடுக்கும் வேலை அது. "முதல் மாசம் மட்டும்தான் தம்பி" என்று கேட்பவர் தமிழ் முதலாளியாகவும் இருக்கலாம். அந்த மாதங்கள் ஓய்வூதியக் கணக்கில் ஏறாது. அடிபட்டால் அங்கே வேலை செய்தோம் என்று நிரூபிக்கவே அல்லாட வேண்டும். மாதம் தவறாமல் 'ஃபீஷ் த பே' கேட்டு வாங்குங்கள், சம்பளச் சீட்டு. ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். நம் ஊர் சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்) வீடுகளில் பென்ஷன் காகிதத்தை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்களே, அப்படி வையுங்கள்.