ஒப்பரேஷன் நேரத்தில் இரத்த ஓட்டம் காட்டும் கருவிகள்: கண்டவர்கள், அனுபவித்தவர்கள் எழுதுங்கள்

தலவாக்கலை மகள்:

அம்மாவுக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம். வலது காலில் இரத்தக் குழாய் அடைத்து, பெருவிரல் கறுக்கத் தொடங்கிவிட்டது. கண்டியில் பைபாஸ் செய்யலாம் என்றார்கள். குழாயைத் தைத்ததும் அதிலேயே ஒரு கருவியை வைத்து, இரத்தம் எவ்வளவு போகிறது என்று பார்ப்போம் என்று டொக்டர் சொன்னார். அந்த நேரம் பயத்தில் எனக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை. இப்படியான கருவிகளைப் பற்றித் தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் அம்மாவிடம் சொல்லித் தைரியம் கொடுப்பேன்.

தியேட்டர் தாதி, நுவரெலியா மாவட்டம்:

தங்கச்சி, முதலில் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: அந்தக் கருவி குத்தாது, கீறாது. அதன் முனை கொக்கி மாதிரி வளைந்திருக்கும். தைத்த குழாயை அந்த வளைவுக்குள் சும்மா வைத்துப் பிடிப்பார்கள். உள்ளே இருக்கும் சின்னப் படிகங்கள், காதுக்குக் கேட்காத ஒலியை இரத்தம் ஓடும் பக்கமாகவும் எதிர்ப் பக்கமாகவும் மாறி மாறி அனுப்பும். ஓட்டத்தோடு போகும் ஒலி முந்தும், எதிர்த்துப் போவது பிந்தும். அந்த நேர வித்தியாசத்தை வைத்து, நிமிடத்துக்கு எத்தனை மில்லிலீட்டர் இரத்தம் ஓடுகிறது என்று திரையில் எண் வரும். இதய பைபாஸில் அந்த எண் 20க்குக் கீழே நின்றால் தையலைத் திரும்பப் பார்க்க யோசிப்பார்கள். காலுக்குக் கணக்கு வேறு, அதனால் 20 என்பதைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பயமுறுத்த வேண்டாம்.

நான் இந்தக் கருவிகளை இவ்வளவு மதிப்பதற்குக் காரணம், வெட்டிய காலைத் தைத்து மூடுவதற்கு முன்னமே விஷயம் தெரிந்துவிடுவதுதான். வார்டுக்குப் போன பிறகு கால் குளிர்ந்து, திரும்பத் தியேட்டருக்குக் கொண்டு வருவது அந்த நோயாளிக்கு எவ்வளவு பாரம்!

எங்கள் தியேட்டரில் அடிக்கடி வருவது குடலிறக்கம். பாரம் தூக்கித் தூக்கி வந்த வருத்தம் என்பார்கள், இறுகிப்போன பிறகுதான் தோட்டத்திலிருந்து இறங்கி வருவார்கள். வெளியே எடுக்கும்போது குடல் கருநீலமாக இருக்கும். சூடான சேலைனில் நனைத்த துணியால் மூடிவிட்டு எல்லாரும் காத்திருப்போம். துணியை விலக்கியதும் நிறம் திரும்பியிருக்கிறதா, பளபளப்பு இருக்கிறதா, லேசாகத் தட்டினால் புழு நெளிவது போல அசைகிறதா, அதைத் தாங்கும் சவ்வில் நாடி துடிக்கிறதா என்று டொக்டர் சேர் பார்ப்பார். எல்லாம் சரியென்றால் உள்ளே வைப்பார், இல்லையென்றால் அந்தத் துண்டை வெட்ட வேண்டும். எவ்வளவு அனுபவசாலியானாலும் இடைநடுவான நிறத்தில் கை தயங்கும். அப்படியான நேரத்தில், குடலைப் பிடிக்கும் இடுக்கியே அங்கே இரத்தம் ஓடுகிறதா என்று சொன்னால் எவ்வளவு உதவி! துளை வழியாகச் செய்யும் ஒப்பரேஷனில் விரலால் தொட்டு நாடி பார்க்கவும் முடியாதே. இடுக்கியின் வாயில் சின்ன விளக்கும் ஒளியுணரியும் பொருத்தி இதை ஆய்வு செய்து வருகிறார்கள். நம் விரலில் மாட்டும் ஒக்சிஜன் மீட்டர் வேலை செய்யும் அதே விதம்தான். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. இறுக்கிப் பிடித்தால் பிடியே ஓட்டத்தை நிறுத்திவிடும். ஆகவே எவ்வளவு அழுத்துகிறோம் என்பதையும் அது உணர வேண்டும்.

பச்சைச் சாயம் ஏற்றி, விசேட கெமராவில் பார்ப்பதும் உண்டு. இரத்தம் போகும் இடமெல்லாம் ஒளிரும், போகாத இடம் இருட்டாகவே நிற்கும். சாயம் புதிதல்ல, 1959 முதல் அமெரிக்காவில் அனுமதியுள்ள மருந்து. கெமராதான் விலை.

வார்டில் என்ன நடக்கும் என்றும் சொல்கிறேன். பாதத்தின் மேல்பக்கம் ஜெல் தடவி, இரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்க வைக்கும் பேனா போன்ற டொப்ளர் கருவியைச் சாய்த்து வைப்போம். நாடி, அதாவது இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் குழாய் என்றால் துடிப்புத் துடிப்பாக 'உஷ், உஷ்' என்று கேட்கும். நாளம், அதாவது இரத்தத்தைத் திரும்ப இதயத்துக்குக் கொண்டுபோகும் குழாய் என்றால் மலையிடுக்கில் காற்று வீசுவது போல இழுவையாக இருக்கும். சத்தம் நன்றாகக் கேட்ட இடத்தில் மார்க்கரால் ஒரு புள்ளடி போடுவோம், அடுத்த ஷிப்ட் தாதியும் அதே இடத்தில் வைக்க. அந்தப் புள்ளடியைக் கழுவ விடாதீர்கள். அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று கேளுங்கள், பெரும்பாலான தாதியர் சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள்.

தேயிலைத் தொழிற்சாலை, பொகவந்தலாவை:

மிஸ் சொன்ன அந்தச் சத்தத்தை என் கையிலேயே கேட்டிருக்கிறேன். ரோலரில் கை மாட்டி, புறங்கைத் தோல் முழுவதும் உரிந்துவிட்டது. தொடையிலிருந்து சதையை இரத்தக் குழாயோடு எடுத்து, மைக்ரஸ்கோப் வைத்துக் கையில் தைத்தார்கள். முதல் மூன்று நாள்தான் கண்டம் என்றார்கள். மணிக்கொரு தரம் டொப்ளர், அப்புறம் விரலால் ஓர் அழுத்து. அழுத்திய இடம் வெளுத்து, இரண்டு செக்கனில் நிறம் திரும்ப வேண்டும். உடனே திரும்பிக் கருநீலமானால் நாளம் அடைக்கிறது, மெதுவாகத் திரும்பினால் நாடியில் கோளாறு என்று ஒரு நேர்ஸ் பொறுமையாகச் சொல்லித் தந்தார். நடுச்சாமத்தில் நானே அழுத்திப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

தேத்தண்ணி கூடாது, சிகரட் கூடவே கூடாது, குளிர் படக்கூடாது என்றார்கள். எல்லாமே குழாயைச் சுருக்குமாம். வீட்டிலிருந்து கம்பளி கொண்டுவந்து கையைச் சுற்றிப் போர்த்தி வைத்தோம். கை இன்று வேலை செய்கிறது, இரண்டு விரல் மட்டும் முழுதாக மடங்காது.

தொழிற்சாலையில் இருப்பவர்களுக்கு ஒன்று. விரல் துண்டாகிவிட்டால் நேரே ஐஸில் போடாதீர்கள். சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். இங்கிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து வளைந்து கண்டி போய்ச் சேரவே நேரம் ஓடிவிடும்.

மருத்துவக் கருவி திருத்துநர், பதுளை:

மலைநாட்டுக் குளிரைப் பற்றி நானும் சொல்ல வேண்டும். விரலில் மாட்டும் மீட்டர் வேலை செய்யவில்லை என்று எனக்கு வரும் முறைப்பாடுகளில் நிறைய, மீட்டரின் பிழையே அல்ல. விரல் ஐஸ் மாதிரி இருக்கும், ஓட்டமில்லாத விரலில் அது எதை அளக்கும்? கையைச் சூடாக்கினால் எண் வந்துவிடும். நகப்பூச்சும் மருதாணியும் கூட சில நேரம் ஒளியைக் கெடுக்கலாம். கறுத்த தோலில் இந்த மீட்டர்கள் ஒக்சிஜனைச் சில நேரம் கூட்டிக் காட்டும் என்று 2020இல் அமெரிக்க ஆய்வொன்றும் வந்தது. நம் மக்களின் நிறத்துக்கு இது கவனிக்க வேண்டிய விஷயம். எண் நன்றாக இருக்கிறது, ஆள் மூச்சு வாங்குகிறார் என்றால் ஆளைத்தான் நம்ப வேண்டும்.

உணரி பொருத்திய கருவிகளில் எனக்குள்ள கவலை பராமரிப்பு. சாதாரணக் கத்தரியை 134 பாகை நீராவியில் அவித்து எடுக்கலாம். படிகமும் வயரும் உள்ள முனைகளில் பல அந்தச் சூட்டைத் தாங்காது. கீழே விழுந்தால் வெளியே கீறல்கூடத் தெரியாது, உள்ளே படிகம் வெடித்திருக்கும். வாங்கும்போதே மாற்று முனைகளுக்கும் பழுது பார்ப்பதற்கும் காசு ஒதுக்காவிட்டால், பெட்டியோடு அலுமாரியில் கிடக்கும். அப்படிக் கிடந்ததைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறேன்.

தங்கச்சி, அம்மாவின் திகதிக்கு முன் கிளினிக்கில் இதைக் கேளுங்கள்: அந்தக் கருவி இப்போது வேலை செய்கிறதா, இல்லையென்றால் தைத்த இடத்தைப் பேனா டொப்ளரால் பார்ப்பார்களா, வார்டில் எத்தனை மணிக்கு ஒரு தரம் பார்ப்பார்கள். கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.