பட்டினி போட்ட திலாப்பியா தசையில் பீட்டா ஆக்டின் நகர்கிறது, உதவி தேவை

குளத்துமீன்:
பண்ணையில் வளர்ந்த கிஃப்ட் ரகத் திலாப்பியா, நம்ம ஜிலேபி கெண்டைதான். ஒரு தொட்டிக்கு வழக்கமான தீவனம், இன்னொன்றுக்கு 10 நாள் பட்டினி. தசையில் ஏட்ரோஜின்-1 (தசைப் புரதத்தைச் சிதைக்க உதவுவது), மயோஸ்டாட்டின் (தசை வளர்ச்சியை அடக்குவது) என்ற மரபணுக்களின் வெளிப்பாட்டை கியூபிசிஆரில் (பிரதிகளைப் பெருக்கி அளக்கும் முறை) பார்க்கிறேன். ஒப்பீட்டு மரபணு, அதாவது இரண்டு குழுவிலும் மாறாமல் நிற்க வேண்டியது, பீட்டா ஆக்டின். தின்ற மீன்களில் சிடி (சமிக்ஞை தெரியும் சுற்று எண்; பிரதி குறைந்தால் இது கூடும்) 18, பட்டினி மீன்களில் 20, 21. எல்லாக் குழாயிலும் 500 நானோகிராம் ஆர்என்ஏதான் போட்டேன். ஆர்என்ஏ பிரித்தது டிரைசால் கரைசல் முறையில்; தூய்மை காட்டும் ஒளி உறிஞ்சல் விகிதங்களில் 260/280 அளவு 1.9, 260/230 அளவு 0.7. பிப்பெட் தவறா, மெஷின் கோளாறா? கைடு "திரும்ப ஓட்டு" என்கிறார். மூன்று தடவை ஓட்டியாச்சு.

செவுள்:
பிப்பெட் தவறு என்றால் இரண்டு குழுவிலும் சிதறும், ஒரே பக்கம் சாயாது. சுற்றுக்கு இரட்டிப்பு என்பதால் 3 சுற்று என்பது 8 மடங்கு! 0.7 என்பது டிரைசாலின் குவானிடின் உப்பு போகாமல் தங்கியதால் இருக்கலாம்; அடுத்த முறை 75% எத்தனாலில் கூடுதலாக ஒரு தடவை கழுவுங்கள். இப்போதைக்கு சிடிஎன்ஏவை (ஆர்என்ஏவிலிருந்து எடுத்த டிஎன்ஏ நகல்) 10 மடங்கு நீர்த்து ஓட்டுங்கள். சிடி 3.3 அளவு கூட வேண்டும். குறைவாகக் கூடினால் ஏதோ தடுக்கிறது.

குளத்துமீன்:
இரண்டு குழுவிலும் 3.3 பக்கம்தான் வருகிறது. அப்போ உப்பு இல்லையா?

வெள்ளைத்தசை:
உப்பு இருக்கலாம், பிசிஆரைத் தடுக்கவில்லை. என் சந்தேகம் பீட்டா ஆக்டின் மேல்தான். அது செல் சட்டகப் புரதம். தசை வளர்வதும் சுருங்குவதும் அதையே அசைக்கும். பட்டினிச் சோதனையில் அதை மட்டும் நம்புவது ஆட்டம் காணும் தராசில் எடை போடுவது மாதிரி. வேறு ஒப்பீட்டு மரபணுக்களாக இஎஃப்1 ஆல்பா, ஒரு ரைபோசோம் புரத மரபணு, இரண்டையும் ஓட்டி ஜீநார்மில் (எது நிலையாக நிற்கிறது என்று கணக்கிடும் மென்பொருள்) போடுங்கள். 18எஸ் ரைபோசோம் ஆர்என்ஏ வேண்டாம், அளவுக்கு மீறி நிறைய இருக்கும். அப்புறம், தசையை எங்கே அறுத்தீர்கள்?

குளத்துமீன்:
தின்ற மீன்களில் நான் முதுகுத் துடுப்புக்குக் கீழே எடுத்தேன். பட்டினி மீன்களை ஜூனியர் அறுத்தான். கேட்டால் "பக்கவாட்டுல எடுத்தேன்" என்கிறான்.

வெள்ளைத்தசை:
அடடா. பக்கக்கோட்டை ஒட்டித் தோலுக்கடியில் சிவப்புத் தசை பட்டையாக ஓடும். மெதுவாக, விடாமல் நீந்த அது. பாய்ந்து ஓட வெள்ளை. இரண்டின் மரபணு வெளிப்பாடும் வேறு. உங்கள் வித்தியாசத்தில் பட்டினி எவ்வளவு, கத்தி எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது. உறைந்த உடல் மிச்சம் இருக்கிறதா? இருந்தால் உலர்பனி மேல் வைத்தே முதுகுப் பக்க வெள்ளைத் தசையை வெட்டுங்கள், உருக விடாதீர்கள்.

குளத்துமீன்:
மைனஸ் 80இல் ஒவ்வொரு குழுவிலும் 6 மீன் இருந்தது. மறுபடி வெட்டி ஓட்டினேன். இஎஃப்1 ஆல்பா இரண்டு குழுவிலும் அரைச் சுற்றுக்குள் நிற்கிறது. பீட்டா ஆக்டின் இன்னும் ஒரு சுற்று தள்ளித்தான் வருகிறது. ஏட்ரோஜின்-1 பட்டினியில் நன்றாக ஏறியிருக்கிறது. மயோஸ்டாட்டின்தான் குழப்பம், உருகுவளைவில் (பெருகிய டிஎன்ஏ ஒன்றா பலவா என்று காட்டும் வரைபடம்) இரண்டு முகடு.

செவுள்:
மீன்களில் மயோஸ்டாட்டினுக்கு இரண்டு பிரதி உண்டு. சால்மன் வகையில் அதற்கும் மேல். பிரைமர் (பெருக்கத்தைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு) இரண்டிலும் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஆர்டி (ஆர்என்ஏவை சிடிஎன்ஏ ஆக்கும் நொதி) போடாத குழாயையும் ஓட்டுங்கள், டிஎன்ஏ கலந்திருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். பிரைமர் வரிசையை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.