படிப்பு ஒரு நோட்டில், சேட்டை இன்னொரு நோட்டில்: உங்கள் பள்ளியில் பார்த்ததைச் சொல்லுங்கள்

தமிழாசிரியை, அரசு நடுநிலைப் பள்ளி, கள்ளக்குறிச்சி மாவட்டம்:

2023-24இல் எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு படித்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். ஓயாத அடிதடி. ஹெச்எம் அறையில் இருக்கும் ஒழுங்கு நோட்டைப் புரட்டினால் அவன் பெயர்தான் கண்ணில் படும். அவனுடைய மதிப்பெண் பட்டியல் வகுப்பாசிரியரிடம் இருந்தது. திருப்பூருக்கு வேலைக்குப் போன அவன் அப்பா மாதக்கணக்கில் வீட்டுப் பக்கமே வரவில்லை என்பது சத்துணவு அக்காவுக்குத் தெரியும். அவர் அதே தெருக்காரர். இந்த மூன்று சேதியும் ஒரே பையனைப் பற்றியவை, ஆனால் ஒரே இடத்தில் சேர்ந்ததே இல்லை.

ஒரு நாள் ஹெச்எம் அந்த நோட்டை மேசையில் விரித்தார். "என்ன பண்ணினான்னு பார்க்காதீங்க, எந்த நேரத்துல பண்ணினான்னு மட்டும் பாருங்க" என்றார். முக்கால்வாசி சண்டை இரண்டாவது பீரியடை ஒட்டியே நடந்திருந்தது. இரண்டாவது பீரியடு தமிழ். வரிசையாக எழுந்து ஆளுக்கொரு பத்தி வாசிப்பார்கள். அவன் முறை வருவதற்குள் பக்கத்துப் பையனுடன் ஏதாவது ஆகி, அவன் வெளியே நிற்பான்.

தனியாக உட்கார வைத்து வாசிக்கச் சொன்னோம். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு வரும் எழுத்துகளில் அப்படியே நின்றுவிட்டான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது அவன் மூன்றாம் வகுப்பு. 2021 நவம்பரில் சின்ன வகுப்புகளுக்குத் திறந்தபோது ஐந்தாம் வகுப்பு. 2022இல் அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது ஒன்று முதல் மூன்று வரைக்கும்தான். அதற்குள் இவன் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டான். நாற்பது பிள்ளைகள் முன்னால் திக்கித் திணறுவதைவிட அடிதடிக்காரன் என்று பெயர் வாங்குவது மேல் என்று அந்த வயதில் எவனும் நினைப்பான்.

வரிசையாக வாசிக்கும் வழக்கத்தை எல்லாருக்கும் நிறுத்தினோம். அவன் வாசிக்க வேண்டிய பத்தி எது என்பதை முந்தின நாளே அவனிடம் சொல்லிவிடுவோம். சின்ன வகுப்புக்கான அரும்பு நிலை (எண்ணும் எழுத்தும் திட்டத்தின் முதல் படி) அட்டைகளைத்தான் அவனுக்கும் எடுத்தோம், ஆனால் மற்றவர்கள் பார்வையில் வைத்து அல்ல. மதியம் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்குக் கதை வாசித்துக் காட்டும் பொறுப்பைக் கொடுத்தோம். சின்னப் புத்தகத்தை அவன் கையில் எடுக்க அது ஒரு கௌரவமான காரணமாகிவிட்டது. காலை வழிபாடு முடிந்ததும் பிடி சார் அவனைத் தனியே கூப்பிட்டு ராத்திரி தூங்கினானா, சாப்பிட்டானா என்று இரண்டு வார்த்தை கேட்பார். சாயங்காலம் மணி அடித்ததும் அதேபோல.

பொங்கலுக்குப் பிறகு சண்டை வெகுவாகக் குறைந்தது. வாசிப்பு அவ்வளவு வேகமாக ஏறவில்லை. வருடக் கடைசியிலும் வகுப்பு நிலைக்கு வரவில்லை. ஆனால் வகுப்புக்குள் உட்கார்ந்திருந்தான். இப்போது வெள்ளிக்கிழமை மாலையில் எல்லா ஆசிரியர்களும் கூடி, நாலைந்து பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேசுகிறோம். படிப்பு, நடத்தை, வீடு மூன்றையும் சேர்த்தே பேசுகிறோம். உங்கள் பக்கம் எப்படி?

சிறப்பாசிரியர், வட்டார வள மையம்:

டீச்சர் சொன்னதைப் படித்ததும் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நினைவுக்கு வந்தாள். 'கவனக்குறைவு' என்று ஆசிரியர் எழுதியிருந்தார். பிள்ளைகள் வைத்த பெயர் தூங்குமூஞ்சி. ஆனால் அந்த ஆசிரியர் செய்த ஒரு நல்ல காரியம், சொல்வதெழுதுதல் நோட்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். அதில் ஒரு வாக்கியத்தின் முதல் மூன்று சொற்கள் சரியாக இருக்கும், நடுவில் சில சொற்கள் காணாமல் போகும், கடைசிச் சொற்கள் மறுபடி சரியாக இருக்கும். சோம்பேறித்தனத்தில் விட்டால் இப்படி வராது. வகுப்பில் உட்கார்ந்து பார்த்தபோது சில விநாடிகள் கண் நிலைகுத்தி, இமை படபடத்து, பிறகு ஒன்றும் நடக்காதது போல எழுதத் தொடங்கினாள்.

வலிப்பு என்றால் கீழே விழுந்து கைகால் இழுப்பது என்றுதான் பலரும் நினைக்கிறோம். இதுவும் ஒரு வகை வலிப்புதான். பள்ளிக்கு வருடம் ஒரு முறை வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் காட்டி, அவர்கள் மூலம் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினோம். அந்தச் சொல்வதெழுதுதல் நோட்டையும் கொடுத்தனுப்பினோம். டாக்டர் அதை விரும்பிக் கேட்டுப் பார்த்தார். மாத்திரை தொடங்கிய பிறகு காலையில் தூக்கம் வந்தது. அதையும் வகுப்பாசிரியர்தான் கவனித்து எழுதிக் கொடுத்தார், அளவை மாற்றினார்கள். அந்தப் பட்டப்பெயரைப் போக வைக்கத்தான் இன்னும் அதிக நாள் பிடித்தது.

ஒரு தாய், எஸ்எம்சி (பள்ளி மேலாண்மைக் குழு) உறுப்பினர், திருவண்ணாமலை மாவட்டம்:

நான் அதிகம் படித்தவள் இல்லை, தெரிந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் பொங்கல் முடிந்தால் நிறையக் குடும்பங்கள் செங்கல் சூளைக்குக் கிளம்பிவிடும். பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போவார்கள். மூன்றாம் வகுப்புப் பெண் ஒன்று தினமும் லேட். தினமும் வெளியே நிற்க வைத்தார்கள். பதினொரு மணிக்கெல்லாம் அழும், யாரைத் தொட்டாலும் கடிக்கும்.

எஸ்எம்சி கூட்டத்தில்தான் பேச்சு வந்தது. பாட்டிக்குக் கண் தெரியாது. தம்பியை அங்கன்வாடியில் விட்டுவிட்டு இந்தப் பெண் வரும்போது காலை உணவு முடிந்துவிடும். 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசு தொடக்கப் பள்ளியிலும் காலைச் சாப்பாடு இருக்கிறது, ஆனால் யாருக்கு அது ரொம்பத் தேவையோ அதற்கே கிடைக்கவில்லை பாருங்கள். அங்கன்வாடி அக்கா அந்த வழியாகத்தான் வேலைக்கு வருவார். போகிற வழியில் தம்பியை நானே கூட்டிக்கொள்கிறேன் என்றார். அவ்வளவுதான். ஒரு ரூபாய் செலவில்லை. கடிப்பது நின்றுவிட்டது.

முதுகலை ஆசிரியர், மேல்நிலைப் பள்ளி, தென் மாவட்டம்:

மேலே எழுதியவர்களை மனதார மதிக்கிறேன். ஆனால் பெரிய பள்ளியில் இது நடக்க ஆள் வேண்டும். எங்களிடம் ஆயிரத்துக்கு மேல் பிள்ளைகள். ஒரு மாணவனை ஒரு நாளில் ஆறேழு ஆசிரியர்கள் பார்க்கிறோம், அவனுக்கென்று யாரும் இல்லை.

சாதியைக் காட்டக் கையில் கலர் கயிறு கட்டி வருவதை எங்கள் பக்கத்தில் எல்லாரும் அறிவீர்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் அதை வைத்துத் தகராறு முற்றியது. இரண்டு பையன்களுக்கு டிசி கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த பள்ளிக்கு அவர்கள் மட்டும் போகவில்லை, பகையும் போனது. அடிபட்ட பையன் படிப்பில் கெட்டிக்காரன். அதன் பிறகு மாதத்தில் பாதி நாள் வரவில்லை. ஒழுங்கு நடவடிக்கை எடுத்தாயிற்று என்று கோப்பை மூடிவிட்டார்கள். அவனிடம் உட்கார்ந்து பேசுவது யார் வேலை என்று ஒருவருக்கும் தெரியவில்லை. விட்ட பாடத்தை யார் சொல்லிக் கொடுப்பது என்பதும் அப்படியே போயிற்று.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவனையும் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழுவை அமைத்தார்கள். 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கயிறு பற்றித்தான் ஊரெல்லாம் பேசினார்கள். 500 மாணவருக்கு மேல் இருக்கும் பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் வேண்டும் என்ற பரிந்துரையும் அதில் இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியம். ஏற்கெனவே ஆப், பதிவேடு என்று முழுகிக் கிடக்கும் வகுப்பாசிரியர் தலையில் இதையும் கட்டினால், இன்னொரு படிவமாகத்தான் முடியும்.

பள்ளி உளவியல் ஆலோசகர், சென்னை:

எல்லாவற்றையும் ஒரே மேசைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும். பிள்ளை என்னிடம் சொன்னது முழுவதையும் நான் அந்த மேசையில் வைப்பதில்லை. ஆசிரியருக்கு என்ன தேவையோ அதுதான்: "இந்த வாரம் திடீரென்று எழுப்பிக் கேள்வி கேட்காதீங்க, ஜன்னல் பக்கம் உட்கார வைங்க, கணக்கு வீட்டுப்பாடத்துக்கு ரெண்டு நாள் கூடுதலாக் கொடுங்க." ஏன் என்ற கதை அந்தப் பிள்ளையுடையது.

பாலியல் துன்புறுத்தல் என்று தெரிந்தால் அது வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கான விஷயமே இல்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி உடனே காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098க்கும் அழைக்கலாம். நாலு ஆசிரியர்கள் மாறி மாறிக் குழந்தையிடம் திரும்பத் திரும்பக் கேட்பதைத் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். நான் பார்த்ததில் பிள்ளைகள் வாய் மூடிப்போவது அங்கேதான்.

தமிழாசிரியை, கள்ளக்குறிச்சி:

மேடம், நல்ல நேரத்தில் சொன்னீர்கள். சத்துணவு அக்காவைக் கூட்டத்தில் முழு நேரமும் உட்கார வைக்கலாமா என்று எங்களுக்குள் பேச்சு இருந்தது. தெருவில் பேச்சாகிவிடும் என்ற பயம் நியாயமானதுதான். அவர் பார்த்ததை ஹெச்எம்மிடம் சொல்லட்டும், மற்ற பிள்ளைகளைப் பற்றிய பேச்சில் இருக்க வேண்டாம் என்று வைத்துக்கொள்கிறோம்.

சார், ஆயிரம் பேரையும் எடுக்க வேண்டாம். ஒன்பதாம் வகுப்பில் மட்டும் தொடங்குங்கள். 2025-26இல் ஆறு முதல் ஒன்பது வரைக்குமான 'திறன்' திட்டத்துக்காக அடிப்படைத் திறன் குறைந்த பிள்ளைகளின் பட்டியலை எடுத்திருப்பீர்கள். அதன் பக்கத்தில் ஒழுங்கு நோட்டையும் வருகைப் பதிவேட்டையும் வையுங்கள். மூன்றிலும் வரும் பெயர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கும் என்றுதான் நினைக்கிறேன். நாங்கள் ஒரு பிள்ளைக்கு அரைப் பக்கம்தான் எழுதுகிறோம்: எந்த பீரியடில், அதற்கு முன் என்ன நடந்தது, யார் பேசப் போகிறார், எந்தத் தேதியில் மறுபடி பார்ப்பது. பேச ஒருவர் பெயர் கண்டிப்பாக இருக்க வேண்டும், 'அனைத்து ஆசிரியர்கள்' என்று எழுதக் கூடாது. பெயர்களை மறைத்த ஒரு தாளைப் படம் எடுத்து இங்கே போடுகிறேன், உங்கள் பள்ளிக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.