ஐந்தாம் வாரத்துக்கு வாசகங்கள் வேண்டும், கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம். ஓடியே பழகாதவர்களை 9 வாரத்தில் 5 கி.மீ. ஓட வைக்கும் ‘கவுச் டு 5கே’ திட்டத்துக்குத் தமிழில் கையட்டை தயாரிக்கிறோம். ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறோம்.

முதல் வாரம் எளிது. 5 நிமிட வேக நடை, பிறகு 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாறி மாறி 20 நிமிடம். வாரத்தில் மூன்று நாள். வில்லங்கம் ஐந்தாம் வாரத்தில்தான். இரண்டாம் நாள் 8 நிமிட ஓட்டம் இரண்டு முறை, நடுவே 5 நிமிட நடை. மூன்றாம் நாள் நடையே இல்லாமல் 20 நிமிட ஓட்டம்! அட்டவணையைப் பார்த்ததுமே பலர் கழன்றுகொள்கிறார்கள். வேகமாகக் கிளம்பி, தெருமுனையிலேயே மூச்சு வாங்கி நிற்பவர்களும் உண்டு. பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் சரி.

அட்டையில் “உன்னால் முடியும்” என்று போட்டால் வேலைக்காகாது. இனிய கற்பனை மட்டும் இருந்தால் முயற்சி குறையும் என்கின்றன உளவியலாளர் கேப்ரியேல் ஓட்டிங்கனின் ஆய்வுகள். ஆசையோடு தடையையும் நினைத்து, ‘இப்படி ஆனால் இதைச் செய்வேன்’ என்று முன்பே முடிவெடுக்கச் சொல்கிறார். “மூச்சு வாங்கினா மெதுவா ஓடுவேன், நிக்க மாட்டேன்.” “மழை பெஞ்சா மறுநாள் காலை 6 மணிக்கு ஓடுவேன்.” இந்த மாதிரி. ‘மாதம் 5 கிலோ குறைப்பேன்’ வேண்டாம். தராசு முள் நம் கையில் இல்லை, ஷூ மாட்டுவது நம் கையில்.

இரவுப் பணி, வீட்டு வேலை, தெருநாய், இந்த மூன்றுக்கும் பேச்சுத்தமிழில் பத்துச் சொல்லுக்குள் எழுதித் தாருங்கள். முழங்கால் வலிக்கு மட்டும் வேண்டாம். அங்கே ஓட்டத்தை நிறுத்துவதுதான் பதில்.