சிசேரியன் ஆகி ஏழு வாரம்: குமுளி வழியாக பஸ் பயணம், பிள்ளையை எதில் கட்டிக்கொண்டு போவது?

பன்னீர்திராட்சை:

வணக்கம் தோழிகளே. எனக்கு சிசேரியன் ஆகி இன்றோடு 38 நாள். பையன். பிறக்கும்போது 2.6 கிலோ, போன வாரம் எடை போட்டபோது 3.5. இப்போது கம்பத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன், புகுந்த வீடு வண்டிப்பெரியாறு. ஐந்தாம் மாதம்தான் அனுப்புவோம் என்று அம்மா உறுதியாக இருந்தார். ஆனால் வீட்டுக்காரரின் அப்பத்தா படுத்த படுக்கையாகிவிட்டார். கொள்ளுப்பேரனை ஒரு தடவை கண்ணில் காட்டிவிடுங்கள் என்று போனில் அழுகிறார். அதனால் 50ஆம் நாள் வாக்கில் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வரலாம் என்று முடிவு. கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலைக் கூட்டத்தில் குமுளியில் கால் வைக்க முடியாது, அதற்குள் போயாக வேண்டும்.

கார் பிடிக்கலாமே என்பீர்கள். மலை ஏறினால் காருக்குள் எனக்குக் குடலைப் புரட்டும். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் என்றால் தாங்குவேன். கம்பத்தில் ஏறினால் கூடலூர், லோயர் கேம்ப், அப்புறம் கொண்டை ஊசி வளைவுகள், குமுளி. நம் ஊர் பஸ் எல்லையோடு நின்றுவிடும். இறங்கி அந்தப் பக்கம் நடந்து போய்க் கேரள பஸ் ஏற வேண்டும். ஐப்பசி மழை வேறு. ஒரு கையில் குடை, ஒரு கையில் பிள்ளை, படியில் ஏற எந்தக் கையால் கம்பியைப் பிடிப்பது? அதனால்தான் பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் கேரியர் பற்றி யோசிக்கிறேன்.

வீட்டுக்காரரின் நண்பர் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார். கறுப்பு நிறம், ஏகப்பட்ட பக்கிள், மலையேறப் போகிறவர் முதுகுப் பை மாதிரி இருக்கும். நேற்று மாட்டிப் பார்த்தேன். நிற்கும்போது ஒன்றும் தெரியவில்லை. கட்டிலில் உட்கார்ந்தேன் பாருங்கள், இடுப்பு பெல்ட்டின் கெட்டி விளிம்பு மடங்கித் தையல் மேல் குத்தி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பையனுக்குக் கால் இரண்டும் தொங்கட்டான் மாதிரி ஆடியது, தாடை நெஞ்சில் போய் ஒட்டிக்கொண்டது. இன்னொன்று: தையலைச் சுற்றி எனக்கு இன்னும் மரத்துப்போய்த்தான் இருக்கிறது. சாயங்காலம் குளிக்கும்போதுதான் அந்த இடம் சிவந்து வரி விழுந்திருப்பதைப் பார்த்தேன்.

பெல்ட் இல்லாத வளைய ஸ்லிங் என்று ஒன்று இருக்கிறதாம். நீளத் துணியைச் சுற்றிக் கட்டுவதும் உண்டாம். கட்டினவர்கள் யாராவது சொல்லுங்களேன். கடைக்காரர் எழுதி வைத்திருப்பது எனக்கு வேண்டாம்.

ஏலத்தோட்டம்:

முதலில் 6 வாரச் செக்கப்பை முடியுங்கள் சிஸ். டாக்டர் தையலைப் பார்த்துச் சரி என்று சொல்லாமல் எதையும் வாங்க வேண்டாம். அப்புறம் அதே வாரத்தில் பிள்ளைக்குத் தடுப்பூசியும் வரும், தொடையில் போடுவார்கள். ஓரிரு நாள் காய்ச்சல், வீக்கம் இருக்கும். கேரியரில் அகட்டி உட்காரும்போது அந்தத் தொடைதான் துணியில் அழுந்தும். நாங்கள் ஊசி போட்ட மறுநாளே நெடுங்கண்டம் கிளம்பினோம், மகள் வழியெல்லாம் வீறிட்டு அழுதாள். நாலைந்து நாள் இடைவெளி விடுங்கள்.

லயத்துவீட்டு அம்மா:

இதுக்கெல்லாம் ஆயிரக்கணக்கில் காசா? நான் மூன்று பிள்ளை வளர்த்தது தோட்டத்து லயத்தில். பழைய நூல் சேலையை நாலாக மடித்துத் தோளில் முடிந்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பசுப்பாறை ஏற்றம் ஏறியிருக்கிறேன். ஆனால் ஒன்று, எனக்கு மூன்றும் சுகப்பிரசவம். பிள்ளைக்குக் கழுத்து நின்ற பிறகுதான் இடுப்பில் வைத்தேன், அதற்கு முன்னால் கையில்தான். உன் அத்தையைக் கூட வரச் சொல். கட்டுகிற துணியைவிடக் கூட வரும் ஆள் முக்கியம் தாயி.

தூவானம்:

எனக்கும் சிசேரியன்தான், பாலக்காட்டில். பெண்ணுக்கு இப்போது ஒன்றே கால் வயது. 45ஆம் நாள் வாளையாறு தாண்டிக் கோயம்புத்தூர் வந்தேன், பஸ்ஸில்தான். மூன்று வகையையும் கட்டிப் பார்த்தவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கறுப்புப் பையை உள்ளே வையுங்கள். கவட்டியில் மட்டும் ஒரு பட்டை ஓடி, கால் தொங்கினால், பிள்ளையின் முழுப் பாரமும் இரண்டு கால் நடுவில் நிற்கிறது என்று அர்த்தம். இந்த வயசில் இடுப்பு மூட்டு இன்னும் பெரும்பாலும் குருத்தெலும்புதான். ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்கால் வரை துணி தாங்க வேண்டும். முழங்கால் புட்டத்தைவிடச் சற்று உயரமாக, தவளை மாதிரி. இன்டர்நேஷனல் ஹிப் டிஸ்பிளேசியா இன்ஸ்டிடியூட் என்று, இடுப்பு மூட்டு சரியாக வளராத குறைக்காகவே அமெரிக்காவில் ஓர் அமைப்பு இருக்கிறது. அவர்களும் முதல் ஆறு மாதம் பிள்ளை அம்மாவைப் பார்த்தபடிதான் இருக்க வேண்டும் என்கிறார்கள். ரோட்டைப் பார்த்து உட்கார வைத்து போட்டோ எடுக்கும் ஆசையெல்லாம் அப்புறம்.

நீளத் துணி: நான் முதலில் வாங்கியது இதுதான். இழுபடும் பனியன் துணி, 5 மீட்டர். வயிற்றை எங்கேயும் அழுத்தாது, பாரம் இரண்டு தோளிலும் முதுகிலும் பரவும், பிள்ளை கட்டின ஐந்தாவது நிமிஷம் தூங்கிவிடும். சுகம் என்றால் அப்படி ஒரு சுகம். ஆனால் பஸ் ஸ்டாண்டில் பால் கொடுக்க ஒரு தடவை அவிழ்த்தேன். திரும்பக் கட்டும்போது இரண்டு முனையும் சேற்றில் புரண்டு, அந்த ஈரத் துணியை முதுகைச் சுற்றி முடிந்தேன். அதோடு சரி. வீட்டுக்குள் கட்டுவதற்கு அதை விஞ்ச ஒன்றுமில்லை. உங்களுக்கு நடுவில் எல்லையில் இறங்கி ஏறும் வேலை இருக்கிறது, மழையும் இருக்கிறது. வேண்டாம்.

வளைய ஸ்லிங்: சுமார் 2 மீட்டர் துணி, தோள் பக்கம் இரண்டு வளையம். துணியை இரண்டு வளையத்துக்குள்ளும் விட்டு, ஒன்றின் மேலாகத் திருப்பி மற்றதற்குள் இழுக்க வேண்டும், நம் பழைய துணி பெல்ட் மாதிரி. இதில் வயிற்றுப் பக்கம் கெட்டியாக எதுவுமே கிடையாது. பால் கொடுக்க வளையத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். முடிந்ததும் மறக்காமல் பழையபடி மேலே ஏற்றி இறுக்குங்கள். குறை என்னவென்றால் பாரம் ஒரே தோளில். முக்கால் மணி நேரத்துக்கு மேல் எனக்குத் தோள்பட்டை கடுக்கும், பக்கம் மாற்றிக்கொள்வேன். இன்னொரு எச்சரிக்கை, தையல்காரரிடம் கொடுத்துத் தைக்கிறேன் என்று திரைச்சீலை வளையத்தைப் போட்டுவிடாதீர்கள். அதற்கென்றே ஒட்டு இல்லாமல் வரும் வளையம்தான் பாரம் தாங்கும்.

பெல்ட் உள்ளதே வேண்டும் என்றால், அகலமான அடிப்பாகம் உள்ளதாக, 3.2 அல்லது 3.5 கிலோவிலிருந்து போடலாம் என்று எழுதியிருப்பதாகப் பாருங்கள். உங்கள் பையன் இப்போதுதான் அந்த எடைக்கு வந்திருக்கிறான். ஆனால் எல்லோரும் செய்யும் தப்பு, பேன்ட் பெல்ட் மாதிரி இடுப்பெலும்பில் கட்டுவது. அங்கேதான் தையல் இருக்கிறது! தொப்புளுக்கு மேலே, விலா எலும்பு முடியும் இடத்துக்குப் பக்கத்தில் கட்டுங்கள். பெல்ட் மேலே ஏறினால் பிள்ளையும் மேலே ஏறும். குனிந்தால் உச்சந்தலையில் முத்தம் வைக்கிற உயரம் சரியான உயரம். எனக்கு இதைச் சொல்லித்தர ஆள் இல்லாமல் ஒரு மாசம் வலியோடு சுற்றினேன்.

பன்னீர்திராட்சை:

தூவானம் அக்கா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். நான் பேன்ட் பெல்ட் மாதிரிதான் கட்டினேன்! இப்போது மேலே கட்டிப் பார்த்தேன், தையலில் படவில்லை. ஆனால் பையன் கால் தொங்குவது மாறவில்லை, அதனால் அதை மூட்டை கட்டியாச்சு. வளைய ஸ்லிங்தான் ஆர்டர் போடப் போகிறேன். அம்மா தினமும் சேலைத் துணியால் வயிற்றுக்கட்டு கட்டிவிடுகிறார். அதன் மேல் ஸ்லிங் போடலாமா?

எலும்பும்தசையும்:

நான் பிசியோதெரபிஸ்ட், பிரசவம் ஆனவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். பஸ்ஸில் போகும் நேரம் வயிற்றுக்கட்டு வேண்டாம். வயிற்றை இறுக்கிக் கட்டி, அதன் மேல் பாரமும் ஏற்றினால் அந்த அழுத்தம் கீழே இறங்கும். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பையைத் தாங்கும் தசைகள் இன்னும் பலவீனமாக இருக்கும் நேரம் இது. வெளித்தையல் இரண்டு வாரத்தில் ஆறின மாதிரி தெரியும், உள்ளே இருக்கும் அடுக்குகள் ஆற ஆறு வாரமாவது பிடிக்கும். பிள்ளையைவிடக் கனமான எதையும் தூக்காதீர்கள், பை எல்லாம் வீட்டுக்காரர் பாடு. மரத்துப்போன இடம் மாதக்கணக்கில் இருக்கலாம், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் வலி சொல்லாது என்பதால் கண்ணால் தினமும் பாருங்கள்.

ஸ்லிங் வந்ததும் முதலில் 3 கிலோ அரிசிப் பையை வைத்துப் பழகுங்கள். அப்புறம் பிள்ளையோடு வீட்டுக்குள் பத்து நிமிஷம், கட்டில் பக்கத்தில் நின்றபடி. பஸ் சிறிய தூரம்தான், இருந்தாலும் உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருங்கள். பிரசவத்துக்குப் பிறகு, அதிலும் சிசேரியனுக்குப் பிறகு, காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு சில வாரங்களுக்கு அதிகம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், காய்ச்சல் வந்தால், தையலில் நீர் கசிந்தால் பயணத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மூச்சு விஷயம் ஒன்றுதான் எனக்குப் பயம். பிள்ளையின் மூக்கும் வாயும் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு விரல் போக வேண்டும், முதுகு வளைந்து சுருளக் கூடாது. 2010இல் அமெரிக்கப் பொருள் பாதுகாப்பு ஆணையம் நாலு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளை ஸ்லிங்கில் வைப்பது பற்றித் தனியாக எச்சரிக்கை விட்டது, காரணம் இதுதான். தாடை நெஞ்சில் அழுந்தினால் அழக்கூட முடியாது. வண்டிப்பெரியாற்றுக் குளிருக்குப் பயந்து மேலே சால்வையால் மூடிவிடாதீர்கள். உங்கள் உடம்புச் சூடே போதும், தலைக்குக் குல்லா, காலுக்கு சாக்ஸ்.

பஸ் பிரேக் அடித்தால் எந்தத் துணியும் காப்பாற்றாது, அது சீட் பெல்ட் அல்ல. நடு வரிசையில் உட்காருங்கள், ஒரு கை பிள்ளை தலைக்குப் பின்னால் இருக்கட்டும்.

புனலூர்_மாப்பிள்ளை:

தங்கச்சி, உன் வீட்டுக்காரரைக் கட்டச் சொல். அவருக்குத் தையல் இல்லையே! என் ஊர் செங்கோட்டை, மனைவி புனலூர். 2018இல் அகலப் பாதை திறந்த பிறகு எங்களுக்கு ரயில்தான். மகளுக்கு இரண்டு மாசம் இருக்கும்போது செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை நான்தான் நெஞ்சில் கட்டிக்கொண்டு வந்தேன். பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் வண்டி நுழைந்ததும் பெட்டியில் இருந்த பையன்கள் எல்லாம் ஊளையிட, என் மகள் அசையவில்லை. கழுதுருட்டிப் பதின்மூன்று கண் பாலத்தில் எல்லோரும் வாசல் பக்கம் ஓடினார்கள், நான் சீட்டைவிட்டு எழவில்லை. எதிர் சீட்டுப் பெரியவர் ஒருவர், ஆம்பளை இப்படிக் கட்டிக்கொண்டு வருவதை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். தென்மலை வருவதற்குள் அவரே மகளுக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

பன்னீர்திராட்சை:

எல்லோருக்கும் நன்றி. வண்டிப்பெரியாறு வந்து சேர்ந்து மூன்று நாள் ஆகிறது. 46ஆம் நாள் டாக்டர் பார்த்துச் சரி என்றார், 52ஆம் நாள் கிளம்பினோம்.

அரிசிப் பை யோசனைக்குத் தனி நன்றி. முதல் தடவை கட்டியபோது பை அப்படியே நழுவிக் கட்டிலில் விழுந்தது. வளையத்தில் துணி கற்றையாகச் சுருண்டிருந்தால் இறுகாது, விசிறி மடிப்பு மாதிரி பரப்பிவிட்டு ஒவ்வொரு விளிம்பாக இழுக்க வேண்டும் என்று மூன்றாவது நாள்தான் பிடிபட்டது. புதிதாக வாங்குகிறவர்கள் துணியை இரண்டு தடவை துவைத்துவிடுங்கள், புதுசாக இருக்கும்போது அட்டை மாதிரி விறைப்பு.

குமுளி வரை வீட்டுக்காரர் கட்டிக்கொண்டார். இல்லை இல்லை, கம்பம் பஸ் ஸ்டாண்டில் கட்டமாட்டேன் என்று ஒரே பிடிவாதம், தெரிந்தவன் எவனாவது பார்த்துவிடுவானாம். பஸ் கூடலூர் தாண்டின பிறகுதான் வாங்கிக்கொண்டார். மலை ஏறும்போது மின் நிலையத்து ராட்சதக் குழாய்களைக் காட்டிப் பையனிடம் பேசிக்கொண்டே வந்தார், அவன் தூங்கிக்கொண்டிருந்தான். குமுளியில் மழை கொட்டியது. இறங்கும்போது நான் கட்டிக்கொண்டேன், அவர் பையும் குடையும். எல்லையைத் தாண்டி நடந்தபோது என் இரண்டு கையும் சும்மா இருந்தது. பிரசவத்துக்குப் பிறகு அப்படிக் கை வீசி நடந்தது அன்றைக்குத்தான். கேரள பஸ்ஸின் படி உயரம், கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஏறினேன். தையலில் ஒன்றும் தெரியவில்லை. வலது தோள்தான் ராத்திரி கடுத்தது, அத்தை தைலம் தேய்த்துவிட்டார்.

அப்பத்தா பையனைப் பார்த்ததைவிட வளையத்தைத்தான் முதலில் தடவிப் பார்த்தார். மாட்டுக்குப் போடுகிறதையா என் பேரனுக்குப் போட்டிருக்கிறாய் என்று கேட்டார். அப்புறம் ஸ்லிங்கோடேயே வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டார், அரை மணி நேரம் கொடுக்கவில்லை.

கறுப்புப் பை கம்பத்தில் அலமாரியில் இருக்கிறது. பையன் உட்கார ஆரம்பித்ததும், அதைக் கட்டிக்கொண்டு தேக்கடி போவேன் என்கிறார் வீட்டுக்காரர். கால் தொங்காமல் இருந்தால் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.