ஓவர்டிரைவுக்கு ஒரு சொல் வேண்டும்; ‘திரிபு’ வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம்.

பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்களைப் பற்றித் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். கிட்டார் வாசிப்பவர்களுக்கும், அந்தப் பெட்டிகளைத் திறந்து பழுது பார்க்க ஆசைப்படுபவர்களுக்கும் ஆனது. பாதிச் சொற்களில் சிக்கலே இல்லை. வால்வை வால்வு என்றே வைத்துவிட்டேன். ‘வால்வு ரேடியோ’ என்று சொல்லிப் பழகிய வாய்க்கு ‘வெற்றிடக் குழாய்’ ஒட்டவில்லை. அடித்த சுரம் நீடித்து நிற்கும் சஸ்டெயினுக்கு நம் பாட்டுக்காரர்களின் ‘கார்வை’ அப்படியே பொருந்துகிறது. ஆம்ப்ளிஃபயர் ‘பெருக்கி’. ‘ஒலிபெருக்கி’ என்ற சொல் எப்போதோ ஸ்பீக்கருக்குப் போய்விட்டது, இனி அதை மீட்க முடியாது. இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் கருவியில் எதைச் சொல்கிறோம் என்று தெளிவாகத் தெரிய வேண்டும் அல்லவா?

மாட்டிக்கொண்டது ஓவர்டிரைவில், அதாவது பெருக்கியை அது தாங்கும் அளவுக்கு மேல் ஓட்டும்போது வரும் டிஸ்டார்ஷனில்.

அகராதிகளைப் புரட்டினால் டிஸ்டார்ஷனுக்குத் திரிபு, உருக்குலைவு, சிதைவு என்று வருகின்றன. எல்லாமே கெட்டுப்போனதைச் சொல்பவை. பால் திரிந்துபோயிற்று என்கிறோமே, அந்தத் திரிபு. நான் பெயரிட நினைக்கும் ஓசை கெட்டுப்போனது அல்ல. அது என்ன என்று விளங்குவதற்கு, அதை முதன்முதலில் கேட்ட நாளைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் முதல் பேண்டில் ஐந்து பேர், பெருக்கி ஒன்றே ஒன்று. பல கை மாறி எங்களிடம் வந்த பதினைந்து வாட் பெட்டி. கைப்பிடி அறுந்து போயிருந்ததால் இருவர் இரண்டு பக்கமும் அடியில் கைகொடுத்துத் தூக்க வேண்டும். முன்பலகையில் நான்கு துளைகள். ஒன்றில் என் கிட்டார், அடுத்ததில் இன்னொரு கிட்டார், மூன்றாவதில் பேஸ், நான்காவதில் பாடுகிறவனின் மைக். டிரம்ஸ்காரனுக்குத் துளையே தேவையில்லை. எங்கள் நால்வரையும் அவன் ஒருவனே அமுக்கிவிடுவான்.

சுவிட்சைப் போட்டால் உடனே எதுவும் நடக்காது. அரை நிமிடம் போல மௌனம். பிறகு தூரத்துத் தேனீக்கூடு மாதிரி ஒரு ரீங்காரம் எழும். பின்பக்கம் எட்டிப் பார்த்தால் வால்வுகளின் அடிவயிற்றில் செம்மஞ்சள் வெளிச்சம். சூடேறிய தூசியும் பேக்கலைட் பிளாஸ்டிக்கும் கலந்த அந்த வாசனை இன்றும் எங்காவது மூக்கில் பட்டால், கை தானாகக் கிட்டார் கழுத்தைத் தேடுகிறது.

ஒருநாள் பயிற்சிக்கு நானும் டிரம்ஸ்காரனும் மட்டும்தான் வந்திருந்தோம். மற்ற மூன்று துளைகளும் காலி. அவன் வாங்கி வந்திருந்த புதுக் குச்சிகளால் விளாசிக்கொண்டிருந்தான். என் கிட்டார் எனக்கே கேட்கவில்லை. ஒலியளவுக் குமிழை ஐந்து வரை திருகினேன், சத்தம் கூடியது. ஆறு, ஏழு என்று போனபோது சத்தம் அவ்வளவாகக் கூடவில்லை. ஓசைதான் மாறியது. தடித்தது, ஓரங்களில் பொரிந்தது, அடித்த சுரம் சாகாமல் நின்றது. விரலால் மெல்ல வருடினால் தண்ணீர் போலத் தெளிவு. அழுத்தி அடித்தால் கர்ஜனை. இரண்டும் ஒரே குமிழ் நிலையில், ஒரே தந்தியில்! டிரம்ஸ்காரன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். “இன்னொரு வாட்டி அடி” என்றான்.

உள்ளே நடந்தது இதுதான். முன்னிலை வால்வான 12ஏஎக்ஸ்7 தன்னிடம் வரும் மின்குறிகையை (சிக்னலை) மிகப் பெரிதாக்கி அடுத்த நிலைக்குத் தள்ளுகிறது. அது கொள்ளும் அளவைத் தாண்டிக் குறிகை வரும்போது அலையின் முகடுகள் தட்டையாகின்றன. வால்வில் அது கத்தரித்ததுபோல் நறுக்கென நிகழாமல், மழுங்கி வளைந்து நிகழ்கிறது. அந்த வளைவிலிருந்து அடித்த சுரத்தில் இல்லாத மேற்சுரங்கள் பிறக்கின்றன. கூடவே, மின்னோட்டத்தை ஒருதிசைப்படுத்தும் வால்வு, ஓங்கி அடித்த கணத்தில் கேட்ட அளவு மின்சாரம் தர முடியாமல் மின்னழுத்தத்தைச் சற்று இறக்கி மெல்ல மீள்கிறது. சுரம் ஒருமுறை அமுங்கிப் பிறகு மலர்வது அதனால்தான். இத்தனையும் விரலுக்குக் கட்டுப்படும். என்னைப் பொறுத்தவரை இதுதான் முக்கியம்: கெட்டுப்போனது விரலுக்குக் கட்டுப்படாது.

இதற்கு நான் முயன்றவை: ‘மிகையோட்டம்’ சொல்லுக்குச் சொல் வைத்தது, வண்டியின் கியர் நினைவுதான் வருகிறது. ‘கரகரப்பு’ இந்த ஓசையின் தோலை மட்டும் தொடுகிறது. ‘முறுகல்’ எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் லேசான பதத்துக்குத்தான் ஏற்கும். வேறு தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்.

* * *

மறு: ஓவர்டிரைவுக்கு ஒரு சொல் வேண்டும்

தம்பி, மடலை இரண்டு முறை படித்தேன். எனக்குக் கிட்டார் தெரியாது. யாழைப் பற்றிப் படித்தது கொஞ்சம் உண்டு.

சிலப்பதிகாரம் வேனிற்காதையில் மாதவி யாழை எடுக்கும் இடத்தில் இப்படி வரும்:

‘செம்பகை ஆர்ப்பே கூடம் அதிர்வே
வெம்பகை நீக்கும் விரகுளி அறிந்து’

நரம்பில் எழும் நான்கு குற்றங்கள் இவை. பழைய உரை ஒவ்வொன்றுக்கும் விளக்கம் தருகிறது. செம்பகை, பண்ணோடு ஒட்டாத இன்பமற்ற ஓசை. கூடம், வாய்க்க வேண்டியபடி வராமல் மழுங்கி இசைப்பது. அதிர்வு, இழுமென்ற இனிமை இல்லாமல் சிதறி ஒலிப்பது. ஆர்ப்பு என்பது அளவிறந்து இசைப்பது.

அளவிறந்து இசைப்பது. உங்கள் பெட்டியில் ஏழாம் எண்ணுக்கு மேல் நடப்பதும் அதுதானே? ‘ஆர்ப்பு’ என்று வைத்துப் பாருங்கள்.

* * *

மறு: மறு: ஓவர்டிரைவுக்கு ஒரு சொல் வேண்டும்

ஐயாவின் மேற்கோள் அருமை. ஆனாலும் மின்னணுவியல் கற்பிப்பவள் என்ற முறையில் எனக்கு இரண்டு தயக்கங்கள்.

முதலாவது, அந்த வரி குற்றங்களின் பட்டியல். நீக்க வேண்டியவை என்றே சொல்கிறது. ‘கெட்டது’ என்ற பொருள் வேண்டாம் என்று தொடங்கிவிட்டு, இலக்கணமே குற்றம் என்று சொன்ன சொல்லை எடுக்கலாமா? இரண்டாவது, அலையின் வடிவம் மாறினால் அளவுகோலுக்கு அது திரிபுதான். கருவியில் விழுக்காடாக அளந்து எழுதுகிறோம். வாசிப்பவருக்குப் பிடித்திருப்பதால் அதன் பெயர் மாறிவிடுமா? மாணவர்கள் இரண்டு பெயர் படித்துக் குழம்புவார்கள். ‘ஆர்ப்பு’ என்றதும் பலருக்கு ஆர்ப்பாட்டம் நினைவுக்கு வரும் என்பதையும் யோசியுங்கள்.

* * *

மறு: மறு: மறு: ஓவர்டிரைவுக்கு ஒரு சொல் வேண்டும்

ஐயா, அம்மா, இருவருக்கும் நன்றி. ஒரு வாரமாக இந்தச் சொல்லை வாயில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் முதல் தயக்கத்தை எடுத்துக்கொள்கிறேன், அதுதான் ஆழமானது. ஆர்ப்பு குற்றத்தின் பெயர், உண்மை. கிட்டாரிலும் இது குற்றமாகத்தான் பிறந்தது. 1950களில் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் செய்த பெருக்கிகள் தெளிவாக ஒலிக்க வேண்டும் என்றே செய்யப்பட்டவை. வாசிப்பவர்கள்தான் குமிழைக் கடைசிவரை திருகினார்கள். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நாஷ்வில் நகர ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில், கலவைப் பலகையின் பழுதான தடம் ஒன்று கிட்டார் கலைஞர் கிரேடி மார்ட்டினின் பேஸைக் கரகரவென்று பதிந்தது. அதை அழிக்காமல் விட்டுவிட்டார்கள். கேட்டவர்கள் அதே ஓசை வேண்டும் என்று வந்தபோது, அங்கிருந்த பொறியாளர் கிளென் ஸ்னாடி அதை வேண்டுமென்றே உண்டாக்கும் ஒரு மின்சுற்றை அமைத்தார். 1962இல் அது மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற கால் மிதியாகக் (பெடலாகக்) கடைக்கு வந்தது. 1964இல் லண்டனில் கிங்க்ஸ் குழுவின் கிட்டார்காரர் டேவ் டேவிஸ் தன் சின்னப் பெருக்கியின் ஒலிபெருக்கிக் கூம்பைச் சவர பிளேடால் கீறினார். பழுது தேடி வந்தது போய், பழுதைத் தேடிப் போன காலம் அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கையேட்டில் இதற்குத் தனி அத்தியாயமே வைத்திருக்கிறேன். லண்டனில் டிரம்ஸ் கடை நடத்திய ஜிம் மார்ஷலிடம் கிட்டார்காரர்கள் வந்து பெருக்கி கேட்டார்கள். 1962இல் அவரும் உதவியாளர்களும் ஃபெண்டர் பாஸ்மேன் பெருக்கியின் மின்சுற்றை அடியொற்றி ஒன்று செய்தார்கள். பாஸ்மேன் பேஸ் கிட்டாருக்கு என்று பிறந்தது. அதன் முதல் நிலையில் இருந்தது 12ஏஒய்7, பெருக்கம் 44 அளவில். மார்ஷல் பெட்டியில் அந்த இடத்தில் அமர்ந்தது இசிசி83, அதாவது 12ஏஎக்ஸ்7. அதன் பெருக்கம் 100. ஏறத்தாழ அதே வரைபடம், ஒரு வால்வு வேறு, ஒலிபெருக்கிகள் வேறு. பாஸ்மேன் தயங்கிய இடத்திலேயே இது ஆர்க்கத் தொடங்கியது.

நம் இசைக்கும் இது புதிதல்ல. தம்பூராவில் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு நூலைச் செருகி நகர்த்தி நகர்த்தி ‘ஜீவா’ பிடிக்கிறார்களே, அது எதற்கு? தந்தி தூய்மையாக ஒலிக்கக் கூடாது, இரைந்து மேற்சுரங்களை வாரி இறைக்க வேண்டும் என்பதற்குத்தான். மிருதங்கத்தின் வலந்தலையில் குச்சிகளைச் செருகுவதும் அப்படித்தான். அந்த இரைச்சலுக்கு ‘உயிர்’ என்று பொருள்படும் பெயரையே வைத்திருக்கிறோம். குற்றம் என்று ஒதுக்கப்பட்ட ஓசை இன்னொரு கருவியில் உயிராவதை ஏற்ற காதுகள் நம்முடையவை. அதனால் ஆர்ப்பு குற்றப் பட்டியலிலிருந்து வந்தது என்பதை நான் மறைக்கப்போவதில்லை. கையேட்டில் அந்த இரண்டு வரிகளையும் போட்டே சொல்லை அறிமுகப்படுத்துவேன். சொல்லின் கதையும் ஓசையின் கதையும் ஒன்றாக இருக்கின்றன.

இரண்டாவது தயக்கத்தில் அம்மா சொல்வது சரி. அளவுகோலுக்குத் திரிபு திரிபாகவே இருக்கட்டும். பெருக்கி தெளிவாக இருக்க வேண்டிய இடத்தில் தெளிவு கெட்டால் திரிபு. வாசிப்பவர் வேண்டி வரவழைத்தால் ஆர்ப்பு. இரண்டு பெயர் இருப்பது குழப்பம் இல்லை, இரண்டு வேலைகள். டிரான்சிஸ்டர் பெருக்கிகள் வந்தபோது இந்த வேறுபாடு எங்களுக்கு நன்றாக உறைத்தது. எங்கள் இரண்டாவது பெட்டி டிரான்சிஸ்டர் பெட்டி. பாதிக் கனம், சூடேறக் காத்திருக்க வேண்டாம், வால்வு மாற்றும் வேலை இல்லை. கடைசிவரை திருகினால் முகடுகளை நறுக்கென்று வெட்டியது. காதில் ஊசி ஏறியது. அங்கே நான் ‘வெட்டு’ என்றுதான் எழுதுவேன். ஆர்ப்பு என்று எழுத மனம் வராது.

ஆர்ப்பாட்டம் பற்றி: ஆர்ப்பரித்தலும் அதே வேர்தானே. அதில் மகிழ்ச்சியும் இருக்கிறது.

இன்னொரு காரணம், இதுதான் என் கையைப் பிடித்து இழுத்தது. ஆர்ப்புக்கு வினை இருக்கிறது. ஆர்க்கிறது, ஆர்த்தது, ஆர்க்கும், ஆர்க்கவிடு. ‘மிகையோட்டம்’ எடுத்தால் ஒவ்வொரு முறையும் ‘மிகையோட்டம் அடைகிறது’ என்று இழுக்க வேண்டும். கையேட்டின் ஒரு பத்தியில் மாற்றிப் பார்த்தேன்: ‘ஒலியளவை ஆறுக்கு மேல் திருகினால் பெருக்கி ஆர்க்கத் தொடங்கும். கிட்டாரில் உள்ள குமிழைச் சற்று இறக்கினால் ஆர்ப்பு அடங்கித் தெளிவு திரும்பும். ஆர்ப்பு மிதியை முன்னால் சேர்த்தால் ஒலியளவைக் கூட்டாமலே அந்தப் பதம் கிடைக்கும்.’ உரக்கப் படித்துப் பார்த்தேன், எங்கும் தடுக்கவில்லை.

நான்கில் ‘அதிர்வை’ மட்டும் எடுக்க முடியாது. அது இன்று வைப்ரேஷனுக்கு முழுக்கப் போய்விட்டது. தவிர, கிட்டார் உலகில் ஏற்கெனவே அங்கே ஒரு குழப்பம் உண்டு. ஃபெண்டர் பெருக்கிகளில் ‘வைப்ராட்டோ’ என்று எழுதியிருப்பது சத்தம் ஏறி இறங்குவது. அதே நிறுவனம் கிட்டாரில் ‘டிரெமலோ’ என்று பெயரிட்ட கம்பி சுரத்தை ஏற்றி இறக்குவது. இரண்டு பெயர்களும் இடம் மாறி அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. தமிழிலாவது தொடக்கத்திலேயே ‘ஒலியசைவு’, ‘சுரவசைவு’ என்று பிரித்துவிட விரும்புகிறேன். ஒருதிசைப்படுத்தும் வால்வு மின்னழுத்தத்தை இறக்குகிறது என்றேனே, அதற்குத் ‘தொய்வு’ போதும். மேசைமேல் துணி தொய்வதும் அதுவும் ஒரே அசைவு.

எங்கள் பழைய பெட்டி இப்போது என்னிடம்தான் இருக்கிறது. பல வருடம் பேசாமல் கிடந்தது. போன மாதம் திறந்தேன். (திறக்க நினைப்பவர்களுக்கு: மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் வடிகட்டி மின்தேக்கிகளில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்னேற்றம் தங்கியிருக்கும். அதை வடித்து, அளந்து, பூச்சியம் என்று பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். கையேட்டின் முதல் பக்கமே இதுதான்.) அந்த மின்தேக்கிகள் உப்பிக் கசிந்திருந்தன, மாற்றினேன். வால்வுகளை ஒவ்வொன்றாகப் பென்சிலால் தட்டிப் பார்த்தேன். ஒன்று மட்டும் மணி போல ஒலிபெருக்கியில் கணீரென்றது, அது பழுது, எடுத்து மாற்றிவிட்டேன். மற்ற மூன்றும் பேண்டில் இருந்த அதே வால்வுகள்.

ஐந்தைத் தாண்டி ஆறைத் தொடும் முன்பு ஓர் இடம் இருக்கிறது. அங்கே பெருக்கி இன்னும் ஆர்க்கவில்லை, தெளிவாகவும் இல்லை. சுரத்தின் ஓரம் மட்டும் லேசாகப் பொரிகிறது. அடுத்த அடி எப்படி விழும் என்பதைப் பொறுத்து எந்தப் பக்கமும் சாயும். நல்ல வாசிப்பாளர்கள் பலர் இரவு முழுக்க அந்த ஓர் இடத்திலேயே நிற்பார்கள். முதல் மடலில் கைவிட்ட ‘முறுகலை’ இதற்கு வைத்துக்கொள்ளலாமா? ஐயாவிடம் இதற்கும் ஒரு வரி இருந்தால் அனுப்புங்கள், அத்தியாயத்தை அதுவரை மூடாமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்.