அம்பாசடர் மார்க் 3: பாயிண்ட்டைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா?

குடமுருட்டிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். வண்டி அம்பாசடர் மார்க் 3, 1489 சிசி பெட்ரோல், அப்பா வாங்கியது. பேட்டரியைச் சார்ஜ் செய்வது இன்னும் பழைய டைனமோதான், ஆல்டர்னேட்டர் மாற்றவில்லை. வலங்கைமானில் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது, கல்யாணம் காதுகுத்து என்றால் எடுப்போம், மற்றபடி அவ்வப்போது கும்பகோணம் வரை ஒரு ஓட்டம். காலையில் செல்ஃப் தொட்டவுடன் ஸ்டார்ட் ஆகிவிடும், அதில் குறை சொல்ல முடியாது. சூடேறிய பிறகுதான் தகராறு.

போன வாரம் மன்னார்குடி போகும்போது நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டோம். அந்த கேட்டைத் தெரிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. எஞ்சினை நிறுத்தாமல் ஐடிலில் விட்டிருந்தேன், சரியாக கேட் திறக்கிற நேரத்தில் மிஸ் அடித்து அடித்து நின்றுவிட்டது. பின்னால் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. நாலு பேர் தள்ளி ஓரம் கட்டி, பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு டீ குடித்து வந்து அடித்தால் சமர்த்தாக ஸ்டார்ட் ஆகிறது.

பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி, வோல்ட்டேஜ் ஏற்றுகிற காயிலின் கரண்ட்டை வெட்டுகிற பாயிண்ட், அதோடு சேர்ந்த கண்டென்சர் ரெண்டுமே தீபாவளிக்கு முன்னால் புதிதாகப் போட்டவை. இப்போது டிஸ்ட்ரிபியூட்டரின் கேப்பை, அதாவது மூடியை, கழற்றிப் பார்த்தால் பாயிண்ட்டின் ஒரு முகத்தில் குட்டியாக ஒரு மேடு, எதிர் முகத்தில் பள்ளம், ரெண்டும் நீலம் பாரித்துக் கிடக்கிறது. மெக்கானிக் அண்ணன், இந்தக் காலத்தில் யாருப்பா பாயிண்ட் வைத்து ஓட்டுகிறார்கள், எலக்ட்ரானிக் கிட் வாங்கிப் போடு, சனியன் ஒழியும் என்கிறார். கேப்புக்குள்ளேயே அடங்குகிற மாதிரி ஒரு காந்த வளையம், ஒரு சின்ன மாட்யூல், ரெண்டு வயர் என்று ஆன்லைனில் கிடைக்கிறது. போட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள், காயிலையும் மாற்ற வேண்டுமா, டைனமோ வண்டிக்கு ஒத்துவருமா, பிடிக்காவிட்டால் திரும்பப் பாயிண்ட்டுக்கே வரலாமா?

வெட்டாறு:

தம்பி, கிட் வாங்குவதற்கு முன்னால் வியாதி எது என்று பாருங்கள். சூட்டில் நின்று, ஆறினால் ஓடுகிற வண்டிக்குக் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: கண்டென்சர், காயில், இல்லையென்றால் பெட்ரோல். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பங்குக்கு வந்த பிறகு, ஐடிலில் நிற்கும்போது லைனிலேயே பெட்ரோல் ஆவியாகி வேப்பர் லாக் ஆகிறதோ என்ற சந்தேகத்தைப் பழைய கார்புரேட்டர் வண்டிகளில் ஒதுக்கவே முடியாது. அது பெட்ரோல் கோளாறு என்றால் நீங்கள் ஆயிரக்கணக்கில் கொட்டி எலக்ட்ரானிக் போட்டாலும் அதே கேட்டில்தான் நிற்பீர்கள்.

அடுத்த தடவை நின்றவுடன், ஆறுவதற்குள், காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிற நடு வயரைக் கேப்பிலிருந்து உருவி, ரப்பர் பிடி போட்ட கட்டிங் பிளேயரால் பிடித்து, நுனியை பிளாக்கிலிருந்து கால் அங்குலம் தள்ளி வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் எங்கும் கசியவில்லை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நீலமாகச் சடசடவென்று தாவினால் இக்னிஷன் மேல் பழியில்லை, பம்பு மேலும் லைன் மேலும் ஈரத்துணி போட்டுப் பாருங்கள். மஞ்சளாக, மெலிசாக, விட்டு விட்டு வந்தால் கண்டென்சர் அல்லது காயில்.

நீங்கள் சொல்கிற மேடு பள்ளத்தைப் பார்த்தால் என் ஓட்டு கண்டென்சருக்கு. மதகுப் பலகையைச் சட்டென்று இறக்கினால் வந்த வேகத்துக்குத் தண்ணீர் மேலேறி வழியும் இல்லையா, பாயிண்ட் திறக்கும்போது காயிலில் ஓடுகிற கரண்ட்டும் அப்படித்தான் இடைவெளியைத் தாவப் பார்க்கும். அந்தக் கணத்தில் அதை உள்வாங்கிக்கொள்ளத்தான் கண்டென்சர். அது வேலை செய்தால்தான் காயிலின் காந்தப்புலம் பட்டென்று சரிந்து பிளக்குக்கு வோல்ட்டேஜ் எகிறும். அளவு 0.2 மைக்ரோஃபாரட் சுற்றுவட்டத்தில் இருக்க வேண்டும், அதற்கு ஒத்து வராததைப் போட்டால் ஒரு முகத்து உலோகம் கரைந்து எதிர் முகத்தில் போய் ஒட்டும். இப்போது கடையில் வருகிற பல கண்டென்சர்கள் குளிர்ந்திருக்கும்போது மீட்டரில் சரியான அளவு காட்டும், சூடேறி முந்நூறு வோல்ட் அடி விழும்போது உள்ளே இன்சுலேஷன் விட்டுவிடும். மீட்டரை நம்பி ஏமாறாதீர்கள்.

அதிகச் செலவில்லாத வைத்தியம் ஒன்று. கண்டென்சரை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வைக்காமல், நல்லது ஒன்றை வாங்கி வெளியே காயில் பிராக்கெட்டில் இறுக்கி, வயரைப் பாயிண்ட்டுக்குப் போகிற காயில் முனையில் கொடுங்கள். பிராக்கெட்டில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுப் போடுங்கள், கண்டென்சரின் உடம்பு எர்த் ஆக வேண்டும். எஞ்சின் சூட்டிலிருந்து தள்ளி இருந்தாலே ஆயுசு கூடும்.

பழைய சில்வர் ஸ்டியரிங்:

வெட்டாறு அண்ணன் சொல்வது சரி, ஆனாலும் நான் எலக்ட்ரானிக் கட்சி. என்னுடையதும் அம்பாசடர், திருவாரூர். மாட்யூல் போட்ட பிறகு கேப்பைத் திறக்கிற வேலையே குறைந்துவிட்டது.

கணக்குப் பாருங்கள், நாலு சிலிண்டர் எஞ்சின் 3000 ஆர்பிஎம்மில் ஓடினால் டிஸ்ட்ரிபியூட்டர் 1500, சுற்றுக்கு நாலு தடவை, நிமிடத்துக்கு ஆறாயிரம் தடவை பாயிண்ட் திறந்து மூடுகிறது. அதன் குதிகால் கேமில் உரசித் தேய்ந்துகொண்டே வரும், தேயத் தேய இடைவெளி குறையும், குறையக் குறைய டைமிங், அதாவது ஸ்பார்க் விழுகிற நேரம், பின்னுக்குப் போகும். வண்டி மந்தமாகும், நமக்குத் தெரியவே தெரியாது, பழகிவிடும். மாட்யூலில் உரசுகிற சாமானே இல்லை. கேமில் ஏறுகிற காந்த வளையம் சுற்ற, எதிரே இருக்கிற ஹால் எஃபெக்ட் சென்சார் அதை உணர்ந்து காயிலை வெட்டி விடுகிறது. கண்டென்சர் தேவையில்லை. மைலேஜ் அள்ளிக் கொடுக்கும் என்று விளம்பரத்தில் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள், ஒழுங்காக டைமிங் வைத்த பாயிண்ட் வண்டிக்கும் இதற்கும் அதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஐடில் நிதானமாக நிற்கும், வைத்த டைமிங் அப்படியே இருக்கும், அதுதான் லாபம்.

முதல் வேலை, பேட்டரியில் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பாருங்கள். பழைய பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வகை வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் உண்டு, நடுவில் யார் எப்போது மாற்றினார்கள் என்பது யாருக்கும் ஞாபகம் இருக்காது. நெகட்டிவ் எர்த் கிட்டைத் தலைகீழாகக் கொடுத்தால் ஒரு நொடியில் செத்துவிடும், வாரண்டியும் வராது. அடுத்து காயில். ரெண்டு சின்ன முனைகளிலும் வயரைக் கழற்றிவிட்டு மீட்டர் வையுங்கள். மூணு ஓம் வந்தால் பழைய காயிலே போதும். ஒன்றரை ஓம் என்றால் அது பாலஸ்ட்டோடு, அதாவது கரண்ட்டைக் குறைக்கிற தனி ரெசிஸ்டரோடு, ஓட வேண்டிய காயில், நேரே 12 வோல்ட் கொடுத்தால் எட்டு ஆம்பியர் இழுக்கும், பாயிண்ட்டோ மாட்யூலோ எதுவாக இருந்தாலும் வெந்துவிடும்.

டைனமோவால் தடையில்லை, ஆனால் பேட்டரி நன்றாக இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது வோல்ட்டேஜ் ரொம்ப இறங்கினால் மாட்யூல் முழித்துக்கொள்ளாது, எஞ்சின் சுற்றும், ஸ்பார்க் வராது. அப்புறம் எஞ்சின் ஓடாமல் சாவியை ஆனில் விட்டு ரேடியோ கேட்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். மாட்டி முடித்ததும் டைமிங்கைப் புதிதாக வைக்க வேண்டும், பாயிண்ட் திறந்த அதே இடத்தில் இது வெட்டாது.

அரசலாற்றங்கரை:

ரெண்டு பேரும் டிஸ்ட்ரிபியூட்டரை விட்டுவிட்டு அதன் மேல் உட்காருவதைப் பற்றியே பேசுகிறீர்கள். வருஷக்கணக்கில் கொட்டகையில் நின்ற வண்டி, அதுவும் நம்ம ஊர் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில். கேப்புக்கு அடியில் சுற்றுகிற ரோட்டரைக் கழற்றிவிட்டு ஷாஃப்ட்டை விரலால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் கையில் தெரிந்தால் ஷாஃப்ட்டைத் தாங்குகிற புஷ் போய்விட்டது, நாலு சிலிண்டருக்கும் நாலு விதமாக இடைவெளி வரும், எத்தனை பாயிண்ட் மாற்றினாலும் ஐடில் நொண்டும்.

அடுத்து பேஸ் பிளேட்டுக்கு அடியில் இருக்கிற, வேகம் கூடக் கூட ஸ்பார்க்கை முன்னுக்குத் தள்ளுகிற அட்வான்ஸ் குண்டுகள். ரோட்டரைப் பிடித்து அது சுற்றுகிற திசையில் லேசாகத் திருகி விட்டால் ஸ்பிரிங் இழுத்துத் தானாகத் திரும்பி வர வேண்டும். வரவில்லையா, துரு. வேக்குவம் டியூபை வாயில் வைத்து உறிஞ்சினால் பிளேட் நகர வேண்டும், நாக்கால் அடைத்தால் நகர்ந்த இடத்திலேயே நிற்க வேண்டும், நிற்கவில்லை என்றால் டயாஃப்ரம் ஓட்டை. கடைசியாக, பிளேட்டை எர்த் செய்கிற அந்தப் பின்னல் வயர். நூல் மாதிரி இருக்கும், துணி உறைக்குள்ளேயே அறுந்து வெளியே முழுசாகத் தெரியும். அது அறுந்திருந்தால் பாயிண்ட்டும் தகராறு செய்யும், பிளேட் வழியாக எர்த் எடுக்கிற மாட்யூலும் தகராறு செய்யும்.

இன்னொன்று, மேடு விழுந்த பாயிண்ட்டில் இடைவெளி அளக்கிற தகடான ஃபீலர் கேஜ் வைத்து 15 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று நிம்மதி அடையாதீர்கள். தகடு மேட்டின் தலையில்தான் தொடுகிறது, மற்ற இடத்தில் நிஜ இடைவெளி அதைவிடப் பெரிது. புதுசு போட்டு, 14 முதல் 16 தௌவுக்குள் வைத்து, கேமில் துளி கிரீஸ், ரோட்டருக்கு அடியில் ரெண்டு சொட்டு எண்ணெய்.

எனக்குப் பிடித்தது நடுவழி. டிரான்சிஸ்டர் அசிஸ்ட் பாக்ஸ் என்று வருகிறது. பாயிண்ட் அப்படியே இருக்கும், சொற்ப கரண்ட்தான் அதன் வழியாகப் போகும், காயிலின் நாலு ஆம்பியரை டிரான்சிஸ்டர் வெட்டும். முகம் கருகாது. பாக்ஸ் செத்தால் வயரை மாற்றிச் செருகிப் பழையபடி ஓட்டலாம், கண்டென்சரைக் கழற்றாமல் அங்கேயே விட்டு வையுங்கள். குதிகால் தேய்வது மட்டும் அப்படியே இருக்கும், அதை ஒத்துக்கொள்கிறேன். கோடியக்கரை பக்கம் ராத்திரி நின்றுவிட்டால் மாட்யூலை யார் பார்ப்பார்கள்? பாயிண்ட்டை ஒரு விசிட்டிங் கார்டை விட்டுத் துடைத்தே வீடு வந்துவிடலாம்.

பழைய சில்வர் ஸ்டியரிங்:

மாட்யூல்காரனும் டிக்கியில் ஒரு செட் பாயிண்ட், கண்டென்சர், ஸ்குரூடிரைவர் வைத்திருப்பான் அண்ணே. நடுரோட்டில் கால் மணி நேர வேலை.

குடமுருட்டிக்காரன்:

நன்றி எல்லோருக்கும். வீட்டு வாசலிலேயே ஐடிலில் விட்டுச் சூடாக்கி நிற்க வைத்துப் பார்த்தேன். ஸ்பார்க் மஞ்சள்தான், அதுவும் வெளியில் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியவில்லை, துண்டால் மறைத்துத்தான் பார்க்க முடிந்தது. காயில் மூணு ஓம் காட்டுகிறது. கண்டென்சரை வெட்டாறு அண்ணன் சொன்னபடி வெளியே மாற்றி, புதுப் பாயிண்ட் போட்டு மன்னார்குடி போய் வந்தேன், கேட்டிலும் நின்றேன், மிஸ் இல்லை. நெகட்டிவ் எர்த்தான். ஆனால் ஷாஃப்ட் ஆடுகிறது, கையிலேயே தெரிகிறது. மாட்யூல் போட்டால் இந்த ஆட்டம் பாதிக்காது என்று ஒருவர் சொல்கிறார், உண்மையா? வண்டிக்கு ஐம்பது வயது ஆகப்போகிறது, விண்டேஜ் பதிவுக்கு இது இடைஞ்சலா என்றும் சொல்லுங்கள்.

அரசலாற்றங்கரை:

பாயிண்ட் அளவுக்கு மாட்யூலைப் பாதிக்காது, அது வரை உண்மை. ஆனால் காந்த வளையத்துக்கும் சென்சாருக்கும் நடுவே இருப்பது மயிரிழை இடைவெளி, ஆட்டம் கூடினால் உரசி உடையும். புஷ்ஷை முதலில் பாருங்கள். பம்ப்செட் வேலை பார்க்கிற லேத் பட்டறை எதிலும் பாஸ்பர் பிரான்ஸில் கடைந்து கொடுப்பார்கள், ஷாஃப்ட்டையும் கையோடு கொண்டுபோய் அளவு கொடுங்கள், அதுவே தேய்ந்திருந்தால் புது புஷ்ஷும் ஆடும். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றுவதற்கு முன் ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்களில் ஸ்பார்க் விழுகிற வரிசை, 1-3-4-2, பிளக் வயரில் பெயின்ட் புள்ளி வைத்துவிட்டால் குழப்பம் வராது.

வெட்டாறு:

விண்டேஜ் பதிவுக்கான 2021 விதியில் ஐம்பது வயதோடு சேசிஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாறாமல் மூல வடிவில் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. கேப்புக்குள் இருக்கிற மாட்யூலை நான் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன், ஆனால் ஆய்வாளர் நான் இல்லையே. பதிவு முடிகிற வரை பாயிண்ட்டிலேயே ஓட்டுங்கள், இப்போதுதான் ஓடுகிறதே. கழற்றின கண்டென்சரை டப்பாவில் போட்டு வைக்காதீர்கள், அவசரத்தில் எடுத்து அதையே மாட்டிவிடுவீர்கள்.